பாரா மாத்த ஆள் வந்தாச்சா?

அரசாங்கத்துக்கு ரொம்பப் பிடித்த போலீஸ்காரன் யார் என்றால், செத்துப்போன போலீஸ்காரன்தான். அவன் லீவு கேட்க மாட்டான். டிரான்ஸ்ஃபர் வேண்டி எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க மாட்டான். அவனுக்குத் தொப்பை போடாது. பணியில் இருந்த காலத்தில் இதைச் சொல்லியிருந்தால் என் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். இப்போது கழற்ற என்னிடம் தொப்பியும் இல்லை, அதன் கீழே முடியும் இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

கூகைப்பாறைச் சாவடி இரண்டு மாநிலங்களுக்கு நடுவே மலையின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கேட், ஒரு அறை, ஒரு கொடிக்கம்பம். பட்டப்பகலிலேயே அங்கே மூடுபனி இறங்கும். சாதாரணப் பனி இல்லை. ஒருமுறை வெளியே வைத்த வாளியைப் பனி நிரப்பிவிட்டது. கவிழ்த்துக் கொட்டிய பிறகுதான் வாளி எங்கே இருக்கிறது என்றே தெரிந்தது. அட்டைகளோ எங்கள் ரத்த வகையை எங்களைவிடச் சரியாகத் தெரிந்துவைத்திருந்தன. சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு அவற்றிடம் தனி வரிசை உண்டு.

அங்கே நான் ஏட்டாக இருந்தேன். என் பெயர் சடையாண்டி. எனக்குக் கீழே இரண்டு காவலர்கள். ஒருவன் வீரணன், இன்னொருவன் மொக்கராசு.

வீரணன் மாதிரி தூங்குகிறவனை நான் பார்த்ததில்லை. நின்றுகொண்டு தூங்குவான், கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவான். ஒருதடவை ஐ.ஜி.க்கு அடித்த சல்யூட்டை இறக்காமலே தூங்கிவிட்டான். ‘இவ்வளவு நேரம் எனக்கு யாரும் மரியாதை செய்ததில்லை’ என்று ஐ.ஜி. கண்கலங்கி, பாராட்டுப் பத்திரம் கொடுத்துவிட்டுப் போனார். வீரணன் பத்திரத்தையும் தூக்கத்திலேயே வாங்கிக்கொண்டான்.

மொக்கராசு வேறு ரகம். அவனை மைக்கில் எப்போது கூப்பிட்டு ‘எங்கடா இருக்க?’ என்றாலும் ஒரே பதில்தான்: “வந்துக்கிட்டிருக்கேண்ணே.” மைக் என்று நாங்கள் சொல்வது வயர்லெஸ்ஸை. அவன் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்றால் இன்னும் பல் விளக்கவில்லை என்று அர்த்தம். ‘பக்கத்துல வந்துட்டேன்’ என்றால் இப்போதுதான் பேஸ்ட்டைப் பிதுக்குகிறான் என்று அர்த்தம். அவன் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை வந்துகொண்டிருப்பதாகத்தான் தாலி கட்டும் நேரம்வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பாரா என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுகிறேன். துப்பாக்கியோடு காவல் நிற்பதற்கு எங்கள் இலாகாவில் அதுதான் பெயர். அதற்கு ஒரே ஒரு சட்டம். உன் நேரம் முடிந்துவிட்டது என்பதற்காக நீ நகர முடியாது. அடுத்த ஆள் வந்து நின்று, “பாரா மாத்திக்கிறேன்” என்று வாயால் சொல்ல வேண்டும். சொல்லும்வரை இடி விழுந்தாலும் நீ நின்ற இடத்தில்தான் விழ வேண்டும். ஆள் பற்றாக்குறையால் கூகைப்பாறையில் ஏட்டும் பாரா நிற்போம். அன்றைய வரிசை வீரணன், அவனுக்கு அப்புறம் மொக்கராசு, அப்புறம் நான்.

அன்றைக்கு மொக்கராசு வரவேண்டிய பஸ் அடிவாரத்திலேயே படுத்துவிட்டது. வீரணன் தன் பாராவை முடித்து, அவன் பாராவையும் சேர்த்து நின்றுகொண்டிருந்தான். நான் கீழே குவாட்டர்ஸில் மைக்கைக் கேட்டுக்கொண்டே மத்தியானச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். “எங்கடா இருக்க?” என்றான் வீரணன். “வந்துக்கிட்டிருக்கேண்ணே” என்றான் மொக்கராசு. நான் சிரித்தேன். கொஞ்ச நேரத்தில் வீரணன் குரல் மறுபடியும் வந்தது. “லாரி ஒண்ணு... நிக்கல” என்றான். அதற்கு மேல் வரவில்லை.

ஈட்டி மரம் கடத்திய லாரி. வீரணன் கேட்டுக்கு முன்னால் போய்க் கையைக் காட்டி நின்றிருக்கிறான். லாரி அவனையும் கேட்டையும் சேர்த்து இடித்துக்கொண்டு இறங்கியது. கீழ் வளைவில் மொக்கராசு யாரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் சைக்கிளில் ஏறி வந்துகொண்டிருந்தான். லாரியைப் பார்த்ததும் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே போட்டுவிட்டு அவனும் நின்றான்.

இந்த இடத்தில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. அன்றைக்கு ஒருநாள்தான் அவன் ‘வந்துக்கிட்டிருக்கேன்’ என்றது நிஜம்.

இரண்டு பேருக்கும் வானத்தை நோக்கிச் சுட்டார்கள், மாலை போட்டார்கள். பிறகு ‘அணையாக் காவல்’ என்று ஒரு திட்டம் வந்தது. எல்லைச் சாவடிகளில் உயிர்விட்ட காவலர்கள் காலமெல்லாம் மைக்கில் பேசியது, சட்டையில் மாட்டிய கேமராவில் பதிவானது, இதையெல்லாம் ஒரு இயந்திரத்துக்கு ஊட்டினார்கள். அது அவர்களைப் போலவே பார்க்கும், அவர்களைப் போலவே சந்தேகப்படும், அவர்கள் குரலில் பேசும். கேட்டைத் திறந்து மூடுவதும் அதுதான். கூகைப்பாறையில் கேட் தூணின் உச்சியில் கேமராவோடு ஒரு பெட்டி வைத்தார்கள். அது வீரணன். அடுத்த மலையில் சுனைவாசல் சாவடிக்கு இன்னொரு பெட்டி. அது மொக்கராசு.

முதல் நாள் பெட்டி இருமியது. பீடி குடித்துக் குடித்து வீரணனுக்கு வந்த அதே இருமல். லாரிக்காரர் ஒருவர் அந்த இருமலைக் கேட்டு வண்டியை அங்கேயே போட்டுவிட்டு இரண்டு மாநிலங்களையும் தாண்டி ஓடிவிட்டார். கடைசியாகக் கடலோரத்தில் பார்த்ததாகச் சொல்கிறார்கள். கடத்தல் நின்றது. போகிற வருகிற வண்டிக்காரர்கள் பெட்டிக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள், பீடிக்கட்டு வைத்தார்கள். டி.எஸ்.பி. கூட்டம் போட்டு, “வீரணனைப் பாருங்கய்யா. செத்தும் லீவு கேக்கல. உங்களுக்கெல்லாம் என்ன கேடு?” என்றார். உயிரோடு இருந்தவர்களுக்கு அதன்பிறகு லீவே கிடைக்கவில்லை.

எனக்கு மட்டும் கிடைத்தது. எஸ்.எஸ்.ஐ. ஆகி, ஓய்வும் பெற்று, நிம்மதியாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உறங்கும் மனிதனாகிவிட்டேன். அந்த உறக்கத்தில்தான் ஒருநாள் பவுன்தாய் போன் செய்தாள்.

பவுன்தாய் வீரணனின் மனைவி. கருணை அடிப்படையில் அவளுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கே கொடுத்தார்கள் என்று கேளுங்கள். மாவட்டக் கன்ட்ரோல் ரூமில், மைக்குக்கு முன்னால். மணிக்கொருதரம் எல்லாச் சாவடியும் கன்ட்ரோலைக் கூப்பிட்டுத் தன் நிலவரம் சொல்ல வேண்டும். கூகைப்பாறையும் கூப்பிடும். இதைத் திட்டம் போட்டுக் கொடுமைக்காகச் செய்தார்கள் என்றால்கூட மன்னிக்கலாம். யாருமே யோசிக்கவில்லை.

“அண்ணே, மேல கேட்டை மூடிக்கிட்டு நிக்கிறாரு. கொஞ்சம் வாங்க” என்றாள்.

“யாரு தாயி?”

“உங்க தம்பிதான்.”

ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். கூடவே பெட்டியைப் பராமரிக்கும் இன்ஜினியர் பெர்னாடெட், தூத்துக்குடிப் பெண். மடியில் ஒரு கணினி. மலையேறும் வழியில் அவள் விவரம் சொன்னாள். காலையிலிருந்து பெட்டி கேட்டைத் திறக்க மறுக்கிறது. பாரா மாற்ற ஆள் வராமல் ஒரு வண்டியும் போகாது என்கிறது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை ஏற்றச் சொல்லி டி.எஸ்.பி. உத்தரவு.

“புதுசா ஏத்துறதும் வீரணன்தானம்மா?” என்றேன்.

“இல்ல சார். இது பொதுவான குரல். யாரோட சாயலும் இருக்காது.”

“அப்ப இவரு?” என்றாள் பவுன்தாய்.

பெர்னாடெட் ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்தாள். “அழிஞ்சிடும்கா.”

பவுன்தாய் மடியிலிருந்த கைமைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “பெட்டி பெட்டியா இருந்துட்டுப் போகட்டும், அழிஞ்சாலும் அழியட்டும். நான் அழாத நாள் பாக்கியில்ல. ஆனா அடிச்சு அழிக்கக் கூடாதுண்ணே. ஒருதடவை அடிச்சுக் கொன்னது போதும். அவரு பாராவ மாத்திட்டுப் போயி படுக்கணும். அது ஒண்ணுதான் எனக்கு.”

“அது இயந்திரம்தானக்கா” என்றாள் பெர்னாடெட், மெதுவாக.

“தெரியும்மா. அந்த இயந்திரம் மணிக்கொருதரம் என்னைக் கூப்பிட்டு, ‘எல்லாம் சரி மேடம். பாரா மாத்த ஆள் வந்தாச்சா?’ன்னு கேக்குது. ‘இன்னும் வரல, நில்லுங்க’ன்னுதான் நான் சொல்லணும். எங்க ரூல் புக்குல அப்படித்தான் எழுதியிருக்கு. எத்தனை வருஷமா எம் புருசனை நான் நிக்க வைக்கிறேன் தெரியுமா? தூங்குறதுக்குன்னே பொறந்த மனுசன்.” கைமைக்கை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள். “உசுரோட இருந்தப்ப ஒருநாளாச்சும் என்னை மேடம்னு கூப்பிட்டிருப்பாரா அந்த ஆளு.”

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை, சாவடி வந்துவிட்டது.

பனிக்குள் லாரிகள் வரிசையாக நின்றன. வரிசையின் வால் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கேரளத்துக் கடலில் முடிந்திருந்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. நாட்டில் இல்லாத அமைதி அங்கே இருந்தது. டியூட்டியில் இருந்த காவலர் லிங்கேசன் ஓடிவந்தான்.

“அய்யா, கொட்டாவி விடுதுய்யா.”

“யாரு?”

அவன் தூணைக் காட்டினான். அந்த நேரம் பார்த்துப் பெட்டி கொட்டாவி விட்டது. நீளமாக, ஆழமாக, கடைசியில் ஒரு சின்ன முனகலோடு. வீரணன் கொட்டாவிதான், எனக்குத் தெரியாதா. கொட்டாவி தொற்றும் அல்லவா? முதல் லாரி டிரைவர் வாயைத் திறந்தார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அது வரிசை நெடுகப் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. நானும் விட்டேன். பெர்னாடெட் மட்டும் வாயைக் கையால் மூடிக்கொண்டு, “கொட்டாவி நாங்க வைக்கவே இல்லையே” என்றாள்.

பவுன்தாய் இதற்குமுன் அங்கே வந்ததே இல்லை. தூணுக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். கேமராக் கண் அவளைப் பார்த்தது.

“யாரும்மா அது? கேட்டுப் பக்கம் நிக்காதீங்க. தள்ளி நில்லுங்க” என்றது வீரணன் குரல்.

அவள் தள்ளி நின்றாள்.

முதலில் லிங்கேசன் முயன்றான். பெட்டிக்கு எதிரே விறைப்பாக நின்று, “பாரா மாத்திக்கிறேன்” என்றான்.

“நீ யாருப்பா? இந்த வரிசையிலயே இல்லியே.”

டி.எஸ்.பி. போனிலிருந்தே அதட்டினார். நான் போனைத் தூக்கிப் பெட்டிக்குக் காட்டினேன். “வீரணன், நான் டி.எஸ்.பி. பேசறேன். ஆர்டர் போடறேன். பாராவை விட்டுட்டுப் போ.”

“அய்யா வணக்கம். ஆள் வராம பாராவை விட்டா நாளைக்கு நீங்கதான்யா மெமோ குடுப்பீங்க.”

டி.எஸ்.பி.யால் மறுக்க முடியவில்லை, கொடுத்திருப்பார். “சாயங்காலம் வரைக்கும்தான்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அப்புறம் நான். ஓய்வுபெற்ற வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தேன். “வீரணா, நான்தாண்டா. பாரா மாத்திக்கிறேன். போய்ப் படுறா.”

பெட்டி கொஞ்சம் யோசித்தது. “ஏட்டய்யாவா? என்ன ஏட்டய்யா, முடியெல்லாம் எங்க போச்சு?”

ஊரெல்லாம் என்னை எஸ்.ஐ. அய்யா என்கிறது. ஏட்டய்யா என்று கூப்பிட உலகத்தில் ஒரு பெட்டிதான் மிச்சம்.

“முடிய விடுறா. பாராவக் குடு.”

“உங்களுது மூணாவதுய்யா. நடுவுல மொக்கராசு இருக்கான்ல? அவன் வராம உங்களுக்கு எப்படிக் குடுக்கிறது?” மறுபடியும் கொட்டாவி. “கால் கடுக்குது ஏட்டய்யா. அவனைக் கொஞ்சம் சீக்கிரம் வரச் சொல்லுங்க.”

இல்லாத கால் கடுக்கிறது என்று அது சொன்னதும் லிங்கேசன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

அறைக்குள் போய் உட்கார்ந்தோம். லிங்கேசன் டீ போட்டுக் கொடுத்தான். பெர்னாடெட் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள். “எனக்குப் புரியுது சார். இதுக்கிட்ட இருக்கிற பதிவு எல்லாம் சேர்ந்து கடைசியா வந்து முட்டுற இடம் அந்த மத்தியானம்தான். மத்த நாளெல்லாம் அதுக்கு முடிஞ்சு போச்சு. அது ஒண்ணு மட்டும் முடியல. நமக்குத்தான் வருஷம் ஓடுது. அது இன்னும் அன்னைக்கேதான் நிக்குது. இத்தனை நாள் பொறுத்துக்கிட்டு நின்னுச்சு, இன்னைக்குத்தான் அதுக்கு அலுத்துப் போச்சு.”

“ஆளே இல்லாதவன் எங்கிருந்தும்மா வருவான்?” என்றேன். “மொக்கராசுவும் அன்னைக்கே போயிட்டானே.”

“அந்தப் பெட்டி இதைவிட மோசம் சார்.” அவள் அலுப்போடு சிரித்தாள். “சுனைவாசல்ல வருஷக்கணக்கா இருக்கு. ‘எங்க இருக்கீங்க’ன்னு கேட்டா, சுனைவாசல்னு சொல்லணுமா இல்லியா? சொல்லாது. எப்பக் கேட்டாலும் ‘வந்துக்கிட்டிருக்கேன்’னுதான் சொல்லும். நானும் எத்தனையோ தடவை திருத்திட்டேன். மறுநாள் பாத்தா திரும்பவும்...”

அவளே நிறுத்திக்கொண்டாள். டீ கிளாஸ் வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

“ரெண்டு பெட்டியும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்குமாம்மா?” என்று கேட்டாள் பவுன்தாய்.

“பேசாதுக்கா. ரெண்டும் கன்ட்ரோலோட மட்டும்தான் பேசும். ஒண்ணைப் பாத்து ஒண்ணு கெட்டுடக் கூடாதுன்னு நாங்கதான் தனித்தனியா...” பெர்னாடெட் என்னைப் பார்த்தாள், பவுன்தாயைப் பார்த்தாள். “மாதாவே. ஒருத்தர் காத்துக்கிட்டே இருக்காரு. ஒருத்தர் வந்துக்கிட்டே இருக்காரு. நடுவுல கதவைச் சாத்தினது நான்.”

அவள் விரல்கள் கணினியில் ஓடின. நான் வாசலில் நின்று பார்த்தேன். பனி இன்னும் இறங்கியிருந்தது. லாரிகள் மறைந்து, தூண் மறைந்து, கடைசியில் பெட்டியின் சிவப்பு விளக்கு மட்டும் அந்தரத்தில் நின்றது. பவுன்தாய் அதன் கீழே போய்க் கைமைக்கோடு நின்றாள்.

“சேர்த்துட்டேன்கா. கூப்பிடுங்க.”

பவுன்தாய் பொத்தானை அழுத்தினாள். குரல் நடுங்கவில்லை. கன்ட்ரோல் ரூம் குரல் அப்படித்தான். “சுனைவாசல், சுனைவாசல். கன்ட்ரோல். மொக்கராசு, எங்க இருக்கீங்க?”

“வந்துக்கிட்டிருக்கேன் மேடம்.”

தூணின் உச்சியில் பெட்டி கரகரத்தது. “டேய். மொக்கராசு?”

“அண்ணே.”

“எங்கடா இருக்க?”

“வந்துக்கிட்டிருக்கேண்ணே.”

“அப்படியா? சரி வா.”

அவ்வளவுதான். பெட்டி காத்திருந்தது. நாங்களும் காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் “எங்கடா?” மறுபடியும் “வந்துக்கிட்டிருக்கேண்ணே.” ஒரே வாக்கியத்தைப் பனிக்குள் இரண்டு செத்த மனிதர்கள் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். உலகம் அழிந்த பிறகும் இது நடந்துகொண்டிருக்கும் என்று தோன்றியது. லிங்கேசன் கண்ணை மூடி ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினான்.

“அவனுக்கு வழி தெரியல” என்றாள் பவுன்தாய். “அவன் பெட்டி அந்த மலையில இருக்கு. நடந்தா வருவான், பாவம்.”

பெர்னாடெட் தலையாட்டினாள். “கண்ணைக் கொடுத்துப் பாக்கறேன். இந்தக் கேமராவை அவருக்குத் திறந்து விடறேன். இப்ப அவரு பாக்கறது இந்தக் கேட்டாத்தான் இருக்கும்.” ஒரு பொத்தானை அழுத்திவிட்டு, “சொல்லுங்கக்கா” என்றாள்.

“மொக்கராசு, கன்ட்ரோல். எதிர்ல என்ன தெரியுதுன்னு பாருங்க.”

கேமராக் கண் மெல்லத் திரும்பியது. கொடிக்கம்பத்தைப் பார்த்தது. கேட்டைப் பார்த்தது. அறை வாசலில் நின்ற என்னைப் பார்த்தது. கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது.

“வந்துட்டேண்ணே” என்றது மொக்கராசு குரல். இந்தத் தடவை அது பவுன்தாயின் கைமைக்கிலிருந்து வரவில்லை. தூணின் உச்சியிலிருந்து, வீரணன் குரல் வந்த அதே இடத்திலிருந்து வந்தது. கொஞ்சம் மூச்சு வாங்கியது. மலையேறி வந்தவனுக்கு வாங்குமே, அதுபோல.

“ஏண்டா இவ்வளவு நேரம்?”

“பஸ்ஸு பிரேக்டவுன் ஆயிருச்சுண்ணே.”

“என்னைக்குத்தாண்டா உனக்குப் பஸ்ஸு ஓடிச்சு?”

“நெசமாத்தாண்ணே. இன்னைக்கு நெசமாத்தான். நகருங்க. பாரா மாத்திக்கிறேன்.”

பனியில் எதுவும் அசையவில்லை. ஆனால் துப்பாக்கி கைமாறும்போது கொண்டி லேசாகத் தட்டும் சத்தம் ஒன்று உண்டு. அந்தச் சத்தத்தை நான் கேட்டேன். என் மிகைப்படுத்தும் வழக்கம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் நம்பச் சொல்ல மாட்டேன். லிங்கேசனையே கேட்டுக்கொள்ளுங்கள்.

“கன்ட்ரோல், கூகைப்பாறை” என்றான் வீரணன். “பாரா மாத்தியாச்சு மேடம்.”

“சரி” என்றாள் பவுன்தாய். “நில்லுங்கன்னு இனிமே சொல்ல மாட்டேன். போய்ப் படுங்க.”

போய்விட்டது என்றுதான் நினைத்தோம். பெர்னாடெட் திரையை நோக்கிக் குனிந்தாள். அப்போது ஒரு குரல் வந்தது. மைக்கில் பேசும் குரல் இல்லை. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைகிறவனின் குரல்.

“பவுனு, சோறு எடுத்து வைக்காத. தூங்கி எந்திரிச்சுப் பாத்துக்கலாம்.”

அவள் பொத்தானை அழுத்தியபடியே நின்றாள். “ம்” என்று மட்டும் சொன்னாள். பெட்டியின் சிவப்பு விளக்கு மெதுவாக அடங்கி, மறுபடியும் எரிந்தது.

“சட்டைக் கேமராவுல பதிவாகியிருக்கும்” என்றாள் பெர்னாடெட். யாரும் கேட்காமலே சொன்னாள். “வீட்டுக்குப் போயி கழட்ட மறந்திருப்பாரு.” பிறகு திரையை என் பக்கம் திருப்பினாள். வீரணன் இருந்த இடம் காலியாக இருந்தது. “நான் எதையும் அழிக்கல சார். கை வைக்கவே இல்ல.”

கேட் தானாக மேலே ஏறியது. முதல் லாரி நகர்ந்தது. டிரைவர் பெட்டியைப் பார்த்து “வரேங்கய்யா” என்றார். “பாத்துப் போங்க, கீழ் வளைவுல மெதுவா” என்றது மொக்கராசு குரல். எல்லா வண்டிக்கும் அதையே சொன்னது. பவுன்தாய் கொடிக்கம்பத்தின் மேடையில் உட்கார்ந்து, எல்லா லாரியும் போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பசிக்குதுண்ணே” என்றாள். அந்தப் பெண் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

டி.எஸ்.பி.க்குச் சொன்னோம். கேட் திறந்தது போதும், எந்தச் செத்தவன் திறந்தால் என்ன என்று அவர் சந்தோஷமாகிவிட்டார். எனக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். இதை ஊரில் எப்படியெல்லாம் சொல்லலாம் என்று ஜீப்பில் ஏறும்போதே மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். லாரி வரிசையைக் கடலோடு நிறுத்துவதா, இலங்கைவரை விடுவதா என்பதுதான் குழப்பம்.

டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போது பவுன்தாய் மடியிலிருந்த கைமைக் கரகரத்தது.

“ஏட்டய்யா.”

மொக்கராசு.

“ஏட்டய்யா, எனக்கடுத்த பாரா உங்களுது. எங்க இருக்கீங்க?”

முப்பது வருஷத்துக்கு மேல் போலீஸில் இருந்த வாய் இது. மைக்கில் யாராவது ‘எங்க இருக்கீங்க?’ என்றால் மூளையைக் கேட்டுக்கொண்டு பதில் சொல்லிப் பழக்கமில்லை. பவுன்தாய் தடுப்பதற்குள் மைக்கை எடுத்துவிட்டேன், வாய்தான் சொன்னது:

“வந்துக்கிட்டிருக்கேன்.”

பெர்னாடெட் கணினியை மெல்ல மூடினாள். மைக்கில் கொஞ்ச நேரம் பனி மட்டும் இரைந்தது. பிறகு அந்தக் குரல், அவன் கல்யாண நாளில்கூடக் கேட்காத பிரியத்தோடு சொன்னது:

“அவசரமில்லய்யா. நிதானமா வாங்க. நான் நிக்கிறேன்.”

அன்றிலிருந்து நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன், நன்றாகத் தூங்குகிறேன். காலையில் எழுந்ததும் வாசலுக்கு வந்து மலையைப் பார்க்கிறேன். பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். உள்ளேயிருந்து என் வீட்டுக்காரி கத்துவாள், இந்த வயதில் மத்தியானம்வரை பல் விளக்காமல் திரிகிற மனிதனை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா என்று.

அவளுக்கு எப்படிச் சொல்வது? விளக்கிவிட்டால் கிளம்ப வேண்டியிருக்குமே.